பொறுத்துப்போன இன்ஜினும் பொறுக்காத இன்ஜினும்

1990களில் பொருளாதாரத் தடை காரணமாக யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெட்ரோல் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. வண்டிகள் நிற்கவில்லை. ஆஸ்டின், மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டரில் சில துளி பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இன்ஜின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயே போதும். புகை கண்ணைக் கரிக்கும், பிளக்கில் கரி அப்பும், இன்ஜின் ஆயில் சீக்கிரமே நீர்த்துப்போகும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் போய்ச் சேர்ந்தார். இன்று ஷோரூமிலிருந்து வரும் காரில் அதே மண்ணெண்ணெயை ஊற்றினால் கிளம்பவே மறுக்கும். தப்பித்தவறிக் கிளம்பினாலும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காவு வாங்கிவிடும்.

எது தவறான எரிபொருள் என்பதை முடிவு செய்வது இன்ஜின்தான். அந்தப் பழைய கார்களில் காற்றையும் எரிபொருளையும் 7, 8 மடங்குதான் அழுத்தினார்கள். மட்டமான எரிபொருளும் அதில் எரிந்து தொலைத்தது. கடந்த 30 ஆண்டுகளில் இன்ஜின்கள் மைலேஜில் தேறின, புகையைக் குறைத்தன, சத்தத்தை அடக்கின. அதற்கு ஈடாக, கண்டதையும் தின்னும் குணத்தைக் கைவிட்டன. நம்முடைய பங்க் பழக்கங்களோ அம்பாசடர் காலத்தைத் தாண்டவில்லை. எரிபொருளை மாற்றிப் போடும் தவறு இன்று இவ்வளவு செலவு வைப்பதற்கு இந்த இடைவெளியே காரணம்.

பெட்ரோலும் டீசலும் ஒரே கச்சா எண்ணெயிலிருந்து பிரிபவை. சுத்திகரிப்பு ஆலையில் குறைந்த சூட்டில் ஆவியாகிப் பிரிவது பெட்ரோல். அதற்கு மேல் மண்ணெண்ணெய். இன்னும் மேலே, ஏறத்தாழ 160 முதல் 370 டிகிரி செல்சியஸ் வரையிலான வரம்பில் டீசல். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். டீசலுக்கு இந்தியத் தரம் குறிப்பிடும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி. எரியும் தீக்குச்சியை டீசலில் போட்டால் அணைந்துவிடும் என்று மெக்கானிக் கடைகளில் சொல்வது இதை வைத்துத்தான். சித்திரை வெயிலில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இரண்டு இன்ஜின்களும் எரிபொருளிடம் எதிர்பார்ப்பது நேர் எதிரான குணங்களை. 1876இல் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினின் வழிவந்த பெட்ரோல் இன்ஜினில், பிளக் பொறி விடும்வரை எரிபொருள் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டால் இன்ஜின் தட்டும். பிஸ்டன் அடி வாங்கும். எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிப் பொறுத்திருக்கும் என்பதன் அளவே ஆக்டேன். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் பிளக்கே கிடையாது. காற்றை மட்டும் கடுமையாக அழுத்தி 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதில் எரிபொருளைப் பீய்ச்சுகிறார்கள். பீய்ச்சிய கணமே அது பற்றிக்கொள்ள வேண்டும். அந்த அவசரத்தின் அளவு சீட்டேன். இந்தியாவின் பிஎஸ்6 தரப்படி சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தது 91 ஆக்டேன், டீசலுக்குக் குறைந்தது 51 சீட்டேன் இருக்க வேண்டும். ஆக்டேன் கூடிய எரிபொருளுக்குச் சீட்டேன் குறைவாகவே இருக்கும். நல்ல பெட்ரோல் மோசமான டீசலாக இருப்பதில் வியப்பில்லை.

பெட்ரோல் வண்டியில் டீசல் போய்விட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் கொஞ்ச தூரத்திலேயே வண்டி திக்கித் திணறி நின்றுவிடும். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. பிளக்கை நனைத்துக் கரியாக்கும். பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும். டேங்கைக் காலி செய்து, குழாயைக் கழுவி, பிளக்கையும் ஃபில்டரையும் மாற்றினால் அநேகமாக வண்டி பிழைத்துவிடும். திக்குகிறதே என்று ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே வீடு வரை ஓட்டிப் போகிறவர்கள்தான் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இதன் மறுபக்கம், அதாவது டீசல் வண்டியில் பெட்ரோல், முற்றிலும் வேறு கதை. பழைய லாரிகளிலும் ஜீப்புகளிலும் இருந்த இன்லைன் பம்புகள் தடித்த தோல்காரர்கள். குளிர் நாடுகளில் டீசல் உறைந்து மெழுகாகாமல் இருக்கச் சிறிதளவு பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலக்கலாம் என்று கார் கையேட்டிலேயே அச்சடித்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதைப் படித்த, கேட்ட தலைமுறைதான் இன்றும் “கொஞ்சம் கலந்தா ஒண்ணும் ஆகாதுப்பா” என்று தைரியம் சொல்கிறது.

1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரோடு பயணிகள் கார்களுக்குள் வந்த காமன் ரெயில் முறை அந்தத் தைரியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இதில் ஒரு பம்ப் டீசலை 1,600, 2,000 பார் அழுத்தத்துக்கு ஏற்றி ஒரு பொதுக் குழாயில் தேக்கி வைக்கிறது. அங்கிருந்து இன்ஜெக்டர்கள் கணினி சொல்லும் கணத்தில் பீய்ச்சுகின்றன. காரின் டயரில் இருப்பது இரண்டரை பாருக்குச் சற்றுக் குறைவான அழுத்தம், ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்தப் பம்புக்குள் இருக்கும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி சில மைக்ரான்கள். அவை ஒன்றோடொன்று உரசித் தேயாமல் காப்பாற்றுவது தனி ஆயில் எதுவும் இல்லை, டீசலேதான். டீசலுக்கு இயல்பாகவே கொஞ்சம் வழவழப்பு உண்டு. கந்தகத்தை நீக்கும்போது அதுவும் போய்விடுவதால், வழவழப்பு கூட்டும் பொருளைச் சேர்த்தே விற்கிறார்கள். பெட்ரோலோ பிசுக்கைக் கரைக்கும் திரவம். அது உள்ளே போனதும் உலோகம் உலோகத்தின் மேல் உரசும். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பம்பிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து இன்ஜெக்டர்களுக்கும், மிச்ச எரிபொருளோடு திரும்பி டேங்குக்கும் போய்ச் சேரும். அதன் பிறகு பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள், குழாய்கள் என்று வரிசையாக மாற்றச் சொல்லும்போது பில் லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம்.

ஆகவே தவறு நடந்துவிட்டது என்று பங்கிலேயே தெரிந்துவிட்டால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது. சாவியைத் தொடாமல் இருந்தால் பாதிக்குமேல் தப்பித்தாயிற்று. பல வண்டிகளில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினாலே டேங்குக்குள் இருக்கும் பம்ப் எரிபொருளை முன்னே தள்ளத் தொடங்கிவிடும்; இன்ஜின் ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்டி, டேங்கைக் காலி செய்து கழுவினால் செலவு சில ஆயிரங்களோடு முடியும். காலி செய்வதையும் ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சித் தெருவில் செய்யக் கூடாது. டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் அந்தக் கலவையின் தீப்பற்றும் குணம் பெட்ரோலை ஒட்டியதாகிவிடும். இறக்கிய கலவையை வீணாக்க மனமில்லாமல் ஜெனரேட்டருக்கும் அடுப்புக்கும் கொண்டுபோகிறவர்கள் இதை நினைவில் வைப்பதில்லை. எவ்வளவு கலந்தால் பரவாயில்லை என்று ஒரு கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது: 5 சதவீதம், 2 லிட்டர், “மேலே ஃபுல் டேங்க் டீசல் அடிச்சா சரியாயிடும்”. காமன் ரெயில் வண்டிக்கு இந்தக் கணக்கு எதையும் நான் நம்ப மாட்டேன்.

செலவு யார் தலையில்? சாதாரண வாகனக் காப்பீடு விபத்துக்கானது. தவறான எரிபொருளால் வரும் பழுதைப் பொதுவாக ஏற்பதில்லை. கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் சாலையோர உதவித் திட்டங்கள் சிலவற்றில் வண்டியை இழுத்துப் போவது அடங்கும். பங்க் ஊழியர் மாற்றி அடித்திருந்தால் கையிலிருக்கும் பில்தான் சாட்சி. அதில் எரிபொருள் வகையும் நேரமும் இருக்கும். பில் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போகும் நம் வழக்கம் நுகர்வோர் நீதிமன்றத்தில் உதவாது.

தவறு ஏன் நடக்கிறது? கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அம்பாசடர் டீசலா பெட்ரோலா என்று தெருமுனையிலேயே காது சொல்லிவிடும். 2007இல் மாருதி ஸ்விஃப்ட்டுக்கு ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் வந்தது. அதே இன்ஜின் பிறகு வெவ்வேறு கம்பெனிகளின் கார்களுக்குள் ஏறியது. ஒரே உடல், ஒரே நிறம், ஒரே டேங்க் மூடி. உள்ளே இரண்டு வேறு உயிர். வெளியே தெரியும் வித்தியாசம் பின்பக்கத்தில் ஒட்டிய ஒரு சின்ன எழுத்து. வண்டி இரவல் வாங்கியதாகவோ, புது டிரைவர் கையிலோ இருந்தால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, நம் ஊரில் பங்கில் சொல்லப்படுவது எரிபொருளின் பெயரே இல்லை, தொகைதான். “ஐந்நூறுக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கிறவருக்கும், 12 மணி நேரம் நின்று களைத்த ஊழியருக்கும் நடுவில் ஊகம் மட்டுமே இருக்கிறது.

வாகன ஓட்டியோ ஊழியரோ எந்தத் தவறும் செய்யாமலும் இது நடக்கும். டேங்கர் லாரியிலிருந்து இறக்கும்போது பெட்ரோலை டீசல் நிலத்தடித் தொட்டியில் இறக்கிவிட்டால், அன்று அங்கே நிரப்பிய அத்தனை வண்டிகளும் வரிசையாக வழியில் நிற்கும். தனி வண்டி நின்றால் வண்டியைச் சந்தேகிப்போம்; ஒரே பங்கில் நிரப்பிய பல வண்டிகள் நின்ற பிறகுதான் தொட்டியின் ஞாபகம் வரும்.

மனிதக் கவனத்தை நம்பாமல் குழாயின் அளவை நம்பியவர்கள் உண்டு. 1974இல் அமெரிக்காவில் ஈயம் கலக்காத பெட்ரோல் கட்டாயமாக விற்பனைக்கு வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. புதிய கார்களின் கன்வெர்ட்டரை ஈயம் செயலிழக்கச் செய்துவிடும். ஆனால் ஈய பெட்ரோல் விலை மலிவு, மக்கள் அதைத்தான் ஊற்றுவார்கள். எனவே புதிய கார்களின் வாயைச் சிறுத்து, ஈயமற்ற பெட்ரோலின் நாஸிலையும் சிறுத்துவிட்டார்கள். பெரிய ஈய நாஸில் உள்ளே நுழையாது. (அதையும் புனலை வைத்தும் ஓட்டையைப் பெரிதாக்கியும் சிலர் வென்றார்கள்.) அந்தச் சிறிய அளவே பெட்ரோல் காரின் அளவாக நிலைத்தது. ஐரோப்பாவில் பெட்ரோல் நாஸில் சுமார் 21 மில்லிமீட்டர், டீசல் நாஸில் சுமார் 25. விளைவு விசித்திரமானது: பெட்ரோல் காரில் டீசல் நாஸில் நுழையாது, ஆனால் டீசல் காரில் பெட்ரோல் நாஸில் தாராளமாக நுழையும். மலிவான தவறுக்குத் தடுப்பு, விலையுயர்ந்த தவறுக்குத் திறந்த கதவு. சில தயாரிப்பாளர்கள் பின்னர்தான் சிறிய நாஸிலுக்குத் திறக்காத தடுப்பை டீசல் கார்களின் வாயில் பொருத்தினார்கள்.

நிறத்தையும் நம்ப முடியாது. பிரிட்டனில் பச்சைக் கைப்பிடி என்றால் பெட்ரோல், கறுப்பு என்றால் டீசல். அமெரிக்காவின் பெரும்பாலான பங்குகளில் பச்சை டீசலுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2018 அக்டோபரில் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்துக்குப் போனது: பெட்ரோல் வகைகளுக்கு வட்டம், டீசல் வகைகளுக்குச் சதுரம், வாயுக்களுக்குச் சாய்சதுரம். பங்கிலும் காரின் மூடியிலும் அதே வடிவம் இருக்கும். மொழி தெரியாதவருக்கும் புரியும். இந்தியாவிலும் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எரிபொருளைச் சொல்லும் ஸ்டிக்கர் உண்டு. பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அதை ஒட்டியிருப்பது முன் கண்ணாடியில். நாஸிலோடு நிற்பவர் வண்டியின் பின்பக்கத்தில் நிற்கிறார்.

பிஎஸ்6 டீசல் வண்டிகள் இன்னொரு புது வாயையும் கொண்டுவந்தன. பல வண்டிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல மூடி ஒன்று. அதில் போக வேண்டியது ஆட்புளூ: 32.5 சதவீத யூரியா, மீதி தூய நீர். எரிபொருளே இல்லாத இந்தத் திரவம் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கப் பயன்படுகிறது. இது டீசல் டேங்கில் போனால் அங்கே படிகமாகி, பம்பையும் இன்ஜெக்டரையும் அரித்துவிடும். டீசல் யூரியா டேங்கில் போனால் அந்த அமைப்பின் ரப்பர் பாகங்கள் ஊறிக் கெடும். உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் சிக்கனக்காரர்களும் இருக்கிறார்கள். உர யூரியாவிலுள்ள அசுத்தங்களே அந்த ஆக்சைடுகளை முறிக்கும் வினையூக்கியை அடைத்துவிடப் போதும்.

இதுவரை சொன்னவை தவறுதலாக நடப்பவை. வேண்டுமென்றே போடப்படும் தவறான எரிபொருளின் வரலாறு இதைவிட நீளம். அதை ஓட்டுவது விலை. 2000களின் நடுவில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் 10 ரூபாய்க்கும் கீழே. டீசல் 30 ரூபாயை ஒட்டி. இந்த வித்தியாசம் ஏழையின் விளக்குக்காகக் கொடுத்த மானியம்; அதில் கணிசமான பங்கு டேங்கர்களுக்குள் போனது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். கலப்படக்காரர்கள் அந்தச் சாயத்தை நீக்கக் கற்றுக்கொண்டார்கள். 2005 நவம்பர் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்படத்துக்காகப் பங்க் ஒன்றின் மேல் நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, எண்ணெய்த் திருட்டை நேரில் பிடித்த மாலேகாவ் கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்தார்கள். கலப்படத்தைச் சில்லறைக் குற்றமாக நினைப்பவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பார்க்க வேண்டும்.

இலங்கையில் 2022 நெருக்கடியின்போதும் இதே கணக்குதான். மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயில் நிற்க, டீசல் விலை அதைப் பல மடங்கு தாண்டிப் போனது. மண்ணெண்ணெய் வாகனங்களுக்குள் பாய்ந்தது. ஆகஸ்ட் 22 முதல் மண்ணெண்ணெய் 340 ரூபாயானபோது அந்தக் கள்ளவழி அடைபட்டது. ஆனால் அடி வாங்கியவர்கள் மீனவர்கள். ஏனென்றால் அவர்களின் வெளிப்பொருத்து இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெய்தான் சரியான எரிபொருள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும்படி, குறைந்த அழுத்தத்தோடு வடிவமைத்த இன்ஜின்கள் அவை. கன்னியாகுமரிக் கடற்கரையிலும் இதே வகை படகுகளுக்கு அரசு மானிய மண்ணெண்ணெய் தருகிறது. ஒரே திரவம் பேருந்தில் கலப்படம், வள்ளத்தில் தொழில்.

ஆபத்தில்லாத, பணத்தை மட்டும் தின்னும் தவறு ஒன்றும் உண்டு: தேவையில்லாத வண்டிக்கு அதிக ஆக்டேன் பெட்ரோல். ஆக்டேன் சக்தியின் அளவில்லை என்று மேலே பார்த்தோம். 91 போதும் என்று வடிவமைத்த 100 சிசி பைக்கில் 95 போட்டால் பிக்கப் கூடியது போலத் தோன்றுவது, கொடுத்த காசு பேசுவது. அழுத்த விகிதம் கூடிய, டர்போ வைத்த இன்ஜின்களுக்கு அது உண்மையில் பயன்படும். கையேட்டைப் பார்த்தால் தெரியும். அமெரிக்காவில் 87 என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம் பெட்ரோல் மேல் என்று பெருமைப்படுவதற்கும் இடமில்லை. அங்கே அளக்கும் முறை வேறு. அவர்களின் 87 நம்முடைய 91க்கு ஏறத்தாழச் சமம்.

எல்லாவற்றிலும் சிக்கலானது, யாருமே தவறு செய்யாமல் எரிபொருள் தவறாகிப்போவது. நீங்கள் 2015இல் வாங்கிய பைக் மாறவில்லை, பங்க் மாறவில்லை, நீங்கள் கேட்பதும் பெட்ரோல்தான். குழாயில் வருவது மாறிவிட்டது. இந்தியா 2022 ஜூனில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனாலை எட்டியது. 2030க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025இல் எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. 20 சதவீதக் கலவையைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலை ஒட்டித்தான். அதற்கு முந்தைய கோடிக்கணக்கான வண்டிகள் சாலையில்தான் இருக்கின்றன.

எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். கரும்பு, சோள விவசாயிக்குச் சந்தை. அன்னியச் செலாவணி மிச்சம். இவை பொய்யில்லை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, கலப்பில்லா பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதமும், அத்தகைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்று கணித்தது. பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் ஊறவைத்து இறுகச் செய்யும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. எத்தனாலுக்கு நீரோடு அலாதிப் பிரியம். ஓரளவு வரை தண்ணீரைத் தன்னோடு கரைத்துவைத்துக்கொள்ளும். அளவு மீறினால், அசையாமல் வைத்த மோரில் தெளிவு பிரிவதுபோல, எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். இன்ஜினுக்கு எரிபொருள் போவது அந்த அடியிலிருந்துதான். ஐப்பசி அடைமழையில் வாரக்கணக்கில் மூடாமல் நின்ற பைக் கிளம்ப மறுத்தால், கார்பரேட்டரைக் குறை சொல்வதற்கு முன் டேங்கின் அடியைப் பார்ப்பது நல்லது.

எத்தனாலை நம்மைவிட நெடுங்காலமாகப் போடும் நாடு பிரேசில். 1975இல் தொடங்கிய திட்டம், 1979இல் முழு எத்தனால் கார், 2003இல் எந்தக் கலவையையும் ஏற்கும் ஃபோக்ஸ்வாகன் கோல். பெட்ரோலிலேயே இன்று 30 சதவீதம் எத்தனால் என்பதால், நமது 20 ஒன்றும் கேள்விப்படாத அளவில்லை. ஆனால் அங்கே இன்ஜின் முன்னே போனது. பங்கில் எத்தனால் ஒரு குழாயிலும் கலவைப் பெட்ரோல் இன்னொன்றிலும் தனித்தனி விலையோடு இருக்கின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல் என்று டிரைவர் மனக்கணக்குப் போட்டுக்கொள்கிறார். குறைந்த ஆற்றலுக்குக் குறைந்த விலை.

இங்கே எத்தனால் கலக்காத பெட்ரோலையும் எல்லாப் பங்குகளிலும் விற்க வேண்டும் என்று தொடுத்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. பழைய வண்டிக்காரருக்கு மிஞ்சியிருப்பது குழாய், சீல் பாகங்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், மாதக்கணக்கில் டேங்கில் எரிபொருளைத் தேக்கி வைக்காமல் இருப்பதும்தான். அந்தச் செலவும், குறைந்த மைலேஜுக்குக் கொடுக்கும் முழு விலையும் அவர் கணக்கில் ஏறுகின்றன.